பஞ்சில் வந்த கறுப்பு

லண்டனில் ஒரு ஜாஸ் குழுவில் சாக்ஸபோன் வாசித்த அப்பா, ரெமிஜியுஸ் பிறப்பதற்கு முன்பே அங்கேயே இறந்துபோனார். அந்தக் குழு போட்ட ஒரே இசைத்தட்டு அவனிடம் இருந்தது; வேறு யாரிடமும் இல்லை. இன்னொரு பிரதிக்காக அவன் எழுதிக் கேட்காத கடையில்லை. வாசிப்பு தொடங்குமுன் அப்பா "ஒன், டூ, த்ரீ" என்று எண்ணுவார். தட்டில் பூஞ்சை பிடித்து, சரியாக அந்தக் குரலின்மேல்தான் கரகரக்கும்.

அன்று வேலை முடிந்து வந்தவனை மனைவி ஜெசிந்தா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "மத்த தட்டையெல்லாம் ஸ்பிரிட்ல துடைப்பீங்கள்ல, அதே மாதிரி மாமா தட்டையும் நல்லாத் தேய்ச்சு வெச்சுட்டேங்க."

மற்றவை பிளாஸ்டிக். இது அரக்கு, ஸ்பிரிட் பட்டால் கரைந்துவிடும். அதை யாரையும் தொடவே விட்டதில்லை என்பதால் அவளிடம் அவன் இதைச் சொன்னதுமில்லை.

"எவ்வளவு அழுக்கு பாருங்க!" என்று பஞ்சை நீட்டினாள். கன்னங்கரேலென்று இருந்தது. "போட்டுக் கேளுங்களேன், இப்ப தெளிவாக் கேக்கும்."

ஈரம் காயாத அந்தப் பஞ்சை வாங்கி, ரெமிஜியுஸ் காதோடு வைத்து அழுத்திக்கொண்டான்.

"என்னங்க பண்றீங்க?"

"கொஞ்சம் பேசாம இரு ஜெசி," என்று கெஞ்சினான். "கொஞ்ச நேரம் பேசாம இரு."