ஓடிஸின் கையெழுத்து

"நீ குடுத்த மருந்துத் தள்ளுபடி கார்டைக் காட்டி மாசாமாசம் வலிப்பு மாத்திரை வாங்குறானே, எல்ம் தெரு ஓடிஸ். அவனுக்கு ஏன் இன்னும் பாலிசி விக்கல?" இன்சூரன்ஸ் கம்பெனியின் டேட்டன் நகரக் கிளை மேனேஜர் ராண்டல் கத்தினார்.

"மருந்துக்கடையில கார்டு காட்டுறப்பல்லாம் நமக்குக் கமிஷன் வருது, அது போதும்," என்றாள் ஏஜென்ட் லோர்னா. "சீக்கு வந்த வீட்டுல போய்ப் பயமுறுத்தி விக்க மாட்டேன்."

"மூச்சு விடுற எவனுக்கும் நான் விப்பேன். இன்னிக்கே ஓடிஸ்கிட்ட கையெழுத்து வாங்கிட்டு வரேன். வாங்கிட்டா உனக்கு இங்க வேலை கிடையாது!"

"தாராளமாப் போங்க."

மாலையில் ராண்டல் கிழிந்த பேன்ட்டோடு திரும்பினார். "ஓடிஸ் நாய்னு ஏன் சொல்லல?"

"நாய் பேர்ல மருந்து வாங்கினாலும் கார்டு செல்லும் சார்," என்றாள் லோர்னா, நாற்காலியை விட்டு எழாமலே. "மூச்சு விடுதுல்ல? கையெழுத்துப் போட்டுச்சா?"