எச்சில் நூல்

கால்நடை ஆஸ்பத்திரியின் தகர மேசையில் காலை வெயில் பட்டுக் கண் கூசுகிறது. ரஃபியா அழுத்திப் பிடித்திருக்கும் பூனையின் வாயிலிருந்து எச்சில் நூலாக இறங்கி, அவள் துப்பட்டாவில் ஈரமாகப் பரவுகிறது. கணவன் இத்ரீஸ், பூச்சிமருந்து நாறும் சட்டையோடு வாசலுக்கு வெளியிலேயே நிற்கிறான். திராட்சைத் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்து அதே கையால் பூனையைத் தடவியதற்காக, வழியெல்லாம் அவளிடம் திட்டு வாங்கியிருக்கிறான். டாக்டரம்மா பூனையின் தாடையை விரித்து டார்ச் அடிக்கிறார். "மருந்து ஏறியிருந்தா ஒடம்பு நடுங்கும்மா. இது முள்ளு. ஆனா இப்பிடி நிக்காம ஒழுகினா வீட்ல வச்சுப் பாக்கக் கூடாது, ஒடனே கொண்டாந்தது நல்லது." இடுக்கியின் நுனியில் ஒரு வெள்ளை முள் வெளியே வருகிறது. பூனை நாக்கை இரண்டு தரம் சுழற்றிவிட்டு ரஃபியாவின் விரலை நக்குகிறது. "டாக்டரு என்ன சொன்னாக?" என்று வாசலிலிருந்து இத்ரீஸின் குரல். ரஃபியா முள்ளையே பார்க்கிறாள். "உள்ள வாங்க. நேத்து நான் போட்ட மீன் தலைதான்." அவன் மூச்சை விட்டுச் சிரித்து, பூனையை நோக்கிக் கை நீட்டுகிறான். "தொடாதீக!" என்கிறாள் அவள். "மொதல்ல கையக் கழுவுங்க."