இறங்காத நூல்

"முப்பத்தி நாலே கால்!" ராமர் பேப்பரை விரித்து, ரேடியோவில் செய்தி வாசிக்கிறவரைப் போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வாசித்தான். "மச்சான், நேத்தைவிடக் கால் ரூபா கூட!"

பார்வை போன ஒச்சப்பன் தேயிலைப்பெட்டிப் பலகையைத் தடவி, நேற்றைய ஆணிக்குப் பக்கத்தில், ஒரு நகக்கண் மேலே, இன்றைய ஆணியை அடித்தான். நூலை இழுத்து அதில் சுற்றினான்.

கண் இருந்தபோது கட்டம் போட்ட தாளில் ஷேர் விலைக்குக் கோடு இழுத்துக் கற்ற வித்தை. ஷேர் ஆபீஸ் பியூன் ராமர்தான் வாத்தியார். இருந்த காசையெல்லாம் ஒரே மில்லின் ஷேரில் போடச் சொன்னதும் அவனேதான்.

ஒச்சப்பன் பெண்டாட்டி சந்தனமாரிக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இம்புட்டு ஏறியிருக்குல்ல? வித்துத் தொலைங்க! இன்னும் தள்ளிப்போட்டா ஆபரேஷன் பண்ணியும் பிரயோஜனமில்லன்னு எர்ணாகுளத்து டாக்டர் சொன்னாரா இல்லையா?"

"இரு புள்ள. கோடு ஏறுறப்ப விக்கப்படாது. கீழ திரும்பினாத்தான் விக்கணும்."

"அதே, தங்கச்சி! இன்னும் ஏறும்" என்று சாயாவை உறிஞ்சியபடி ராமர் ஒத்து ஊதினான்.

"இன்னும் ஏறும்! இன்னும் ஏறும்!" அவன் போனதும் அதே குரலில் பழித்துக் காட்டினாள். இந்த மனுசனுக்குக் கண்ணைவிடக் காசு பெரிசாப் போச்சே!

மறுநாள், ஷேர் பத்திரத்தை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு மட்டாஞ்சேரி பஜாரில் புரோக்கர் வெங்கடேஸ்வரன் முன்னால் போய் நின்றாள்.

"கஷ்டம்!" என்றார் அவர். "இந்த மில்லைப் பூட்டி ஒரு வருஷமாச்சே அம்மா. பேப்பர்ல இதோட பேரே வர்றதில்லை. யார் வாங்குவா?"

வழியெல்லாம் ராமரை வாயில் வந்தபடி ஏசிக்கொண்டே வீடு வந்தாள். புருஷனிடம் சொல்லி முடிப்பதற்குள் அழுகை முட்டியது.

"தினமும் பொய்யா வாசிச்சிருக்கான்! இன்னிக்கு வரட்டும், ஊரைக் கூட்டிக் காறித் துப்புறேன்!"

ஒச்சப்பன் பதறவில்லை.

"தெரியும் புள்ள."

"தெரியுமா? யாரு சொன்னா?"

"இந்த நூலுதான். நெசமான விலைன்னா விழும், எந்திரிக்கும், நொண்டும். இது ஒருநாளாச்சும் இறங்கிச்சா? மனசு கேக்காம ஒருத்தன் சொல்ற விலைதான் இப்படி அலுங்காம ஏறும்."

"பெறகு ஏன் 'இரு, இரு'ன்னு என்னைத் தடுத்தீங்க?"

"விக்கப் போனா அவன் குட்டு உடைஞ்சிரும். வாங்கச் சொன்ன பாவத்துக்குத்தான் தினம் வந்து வாசிக்கிறான். எனக்குத் தெரியும்னு அவனுக்குத் தெரிஞ்சா இந்தப் படி ஏறுவானா? கண்ணு போச்சு, காசு போச்சு. அவனையும் விட்டுட்டா எனக்கு யாரு புள்ள வருவா?"

வெளியே செருப்பைக் கழற்றும் சத்தம். ராமர் பேப்பரோடு வாசலில் நின்றான்.

சந்தனமாரி முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள்.

"வாங்கண்ணே" என்றாள். "இன்னிக்கு எம்புட்டு ஏறியிருக்கு?"