வீடு மாதிரியே இருக்குமா?

"பெத்ததுங்க ரெண்டும் குத்துக்கல்லாட்டம் உள்ளூர்ல இருக்கறப்போ எங்கம்மா லாட்ஜ்ல தங்கணுமா?"

ஓட்டல் வரவேற்பறையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகளுக்கு வேண்டியதும் அதுதான். குரலை இன்னும் உயர்த்தினாள்.

"நாளைக்கு அவளுக்குக் கண் ஆபரேஷன். வீட்ல வச்சுப் பாத்துக்கத் துப்பில்லை. ஊரைச் சுத்தி ஓட்டல் பாக்குறாங்களாம், ஓட்டல்!"

கேட்பவர்களுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. வராதா பின்னே?

"அண்ணி, உங்களைத்தான்!"

"கேக்குது" என்றாள் மருமகள். "என்ன வேணாலும் சொல்லிக்கோ. அத்தை ஓட்டல்லதான் தங்குவாங்க."

"எங்கண்ணன் வாயைத் தச்சுட்டு வந்தீங்களா?"

மருமகள் ரூமைப் பார்க்க மாடிக்கு நடந்தாள். விடுவாளா மகள்? பின்னாலேயே போனாள்.

காலையிலிருந்து இதே கூத்துதான். முதலில் பார்த்த ஓட்டல் ஊருக்கு வெளியே, நல்ல காற்று. ஆனால் ஆஸ்பத்திரிக்கு வந்து போவதற்குள் உயிர் போய்விடும். அடுத்தது பஸ் நிலையத்துக்கு எதிரே. ஹாரன் சத்தத்தில் காது கிழிந்தது, லிஃப்டும் கிடையாது.

இந்த ரூம் ஜம்மென்று இருந்தது. பெரிய ஜன்னல், நல்ல கட்டில்.

"கேஸ் அடுப்பு, மிக்சி, பாத்திரம் எல்லாம் இருக்கு மேடம்" என்றார் மேனேஜர். "வீடு மாதிரியே இருக்கும்."

"வீடு மாதிரியேவா? அப்ப வேண்டாம்."

மகள் தலையில் அடித்துக்கொண்டாள். "கொஞ்சம் வெந்நீர் வச்சுக் குடிக்கக்கூட எங்கம்மாவுக்குக் கொடுத்து வைக்கலையா? நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

மேனேஜரும் மருமகளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தார்.

நாலாவது ஓட்டல் ஆஸ்பத்திரிக்கு அடுத்த கட்டடம். ரூம் சின்னது, ஆனால் சுத்தம். வேளாவேளைக்குச் சாப்பாடு ரூமுக்கே வந்துவிடும்.

"ரூம்ல யாராவது திருட்டுத்தனமா சமைச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள் மருமகள்.

"அன்னைக்கே காலி பண்ணச் சொல்லிடுவோம்."

"இதுதாங்க எங்களுக்குச் சரி" என்றாள். அன்று அவள் முகம் மலர்ந்தது அப்போதுதான்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் அம்மா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு ஓட்டல் கட்டிலில் சாய்ந்திருந்தாள். பக்கத்தில் மருமகள். புயல் மாதிரி வந்த மகள், அம்மாவின் பையைத் தூக்கிக்கொண்டாள்.

"கிளம்பும்மா எங்க வீட்டுக்கு. இந்த அவமானம் உனக்கு வேண்டாம். முதல் கண் ஆபரேஷனுக்கு என்கிட்டதானே இருந்த? உன்னைத் தாங்கு தாங்குன்னு தாங்கினேனா இல்லையா?"

அம்மா பதில் சொல்வதற்குள் மகளின் போன் அடித்தது. அவள் கணவன். அவனுக்கு ஊருக்கே கேட்கிற குரல்.

"உங்கம்மாவைக் கூட்டிட்டுக் கிளம்பிட்டியா? சாயங்காலம் ஆபீஸ் ஆளுங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கேன். போன தடவை மாதிரியே அவங்க கையால ஜமாய்ச்சுடச் சொல்லு!"

மகள் அவசரமாக போனை அணைத்தாள்.

"அது... நீயா ஆசைப்பட்டுத்தானேம்மா சமைச்ச?"

"ஆமா, நானாத்தான் சமைச்சேன்" என்றாள் அம்மா. "அடுப்பைப் பாத்தா என் கை சும்மா இருக்காது. வேண்டாம்னு சொல்ல உங்க யாருக்கும் வாய் வராது. உங்கண்ணன் வீட்லயும் அதே கதைதான். அனல்ல நின்னு நின்னு அந்தக் கண்ணு புண்ணாகி இன்னிக்கு வரைக்கும் மங்கல். மிச்சம் இருக்கறது இது ஒண்ணுதான். அதனாலதான் அடுப்பே இல்லாத இடமாப் பாருன்னு உங்கண்ணிகிட்ட சொன்னேன்."

"இதை அண்ணி என்கிட்ட சொல்லியிருக்கலாமே!"

"உன் மனசு நோகும், சொல்லாதேன்னு நான்தான் சொன்னேன். அதுக்காக நடுத்தெருவுல உன்கிட்ட அத்தனை ஏச்சும் வாங்கியிருக்கா."

அம்மா மெல்ல எழுந்து, மகள் கையிலிருந்த பையை வாங்கி வைத்தாள். அவளை வாசல் வரை கொண்டுவந்து விட்டாள்.

"நேரமாச்சு, ஓடு. ஆளுங்க வர்றாங்களாம், போய் அடுப்பைப் பத்த வை."

'தொந்தரவு செய்யாதீர்' அட்டையை வெளிப்பிடியில் மாட்டிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.