ஒன்றரையா, இரண்டரையா

நிரூபன் இரண்டு பெட்டிகளைக் கொண்டுவந்து கராஜ் மேசையில் வைத்தான்.

இரண்டும் லெவலிங் கிட்தான். ஒன்று பிக்கப்பின் முன்பக்கத்தை ஒன்றரை அங்குலம் உயர்த்தும். மற்றது இரண்டரை அங்குலம்.

எங்களுடைய பிக்கப் முன்னுக்குக் குனிந்துதான் நிற்கும். எல்லாப் பிக்கப்பும் அப்படித்தானாம். பின்னால் பாரம் ஏற்றியவுடன் சமமாக வரட்டும் என்று செய்கிறபோதே அப்படிச் செய்துவிடுகிறார்கள்.

என் மனுசனுக்கு அந்தக் குனிவு கண்ணில் காட்டக்கூடாது. முன்பக்கத்தை உயர்த்துவோம், பெரிய டயர் போடுவோம் என்று ஆறு வருஷமாக அரித்தெடுத்தார். நான் விடவில்லை. நாங்கள் செய்வது கலியாணங்களுக்கு மணவறை கட்டுகிற தொழில். தூண்களையும் சிம்மாசனக் கதிரைகளையும் பின்னால் ஏற்றினால் மூக்கு வானத்தைப் பார்க்கும், விசர்க்கதை கதைக்காதேங்கோ என்று வாயை அடைத்துவிடுவேன்.

பங்குனியில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை கட்டிலில் இருந்து காலுறை போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றைப் போட்டார். மற்றதைப் போடவில்லை.

அழுதேன்தான். பிறகு அதுவும் நின்றுவிட்டது. இப்போது தேத்தண்ணி சுடுகிறதா ஆறிவிட்டதா என்று பார்க்காமலே குடிக்கிறேன்.

நிரூபன் ஒரு டயரை உருட்டிக்கொண்டு வந்து நிறுத்தினான்.

“முப்பத்திரண்டு அங்குலம், அன்ரி. இதுக்கு மேல போட்டால் முழுசாத் திருப்பேக்கை உள்ளுக்கு உரசும். இன்சூரன்சுக்கும் மறக்காமல் சொல்லோணும்.”

“அதையே போடுங்கோ,” என்றேன்.

நல்ல பெடியன். நான் வந்தவுடன் கதிரையைத் துடைத்து இழுத்துவிட்டான். முகத்தைத்தான் பார்க்கவில்லை. செத்த வீட்டுக்கு வந்துபோன நாளில் இருந்து பலர் அப்படித்தான், நான் அதைப் பெரிதாக எடுப்பதில்லை.

இந்த வருஷம் ஐந்து கலியாணங்கள் பதிந்திருந்தன.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த கிழமையே போன் வரத் தொடங்கியது. ஒருவருக்கு மண்டபக்காரரே சோடனை செய்து தருகிறார்களாம். இன்னொருவருக்குக் கனடாவில் இருந்து மச்சாள் வந்து எல்லாம் பார்க்கிறாளாம். “நீங்கள் களைச்சுப்போய் இருப்பியள் அக்கா, கொஞ்சம் ஆறுங்கோ,” என்றாள் ஒருத்தி, குரலில் தேன் வடிய. நாலாவது ஆள் போனும் அடிக்கவில்லை, குறுஞ்செய்தியோடு முடித்துவிட்டார்.

புருஷன் இல்லாதவள் கட்டுகிற மணவறையில் என் பிள்ளையை இருத்தமாட்டேன் என்று ஒருவரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நானும் நாலு கேள்வி கேட்டிருப்பேன்.

உண்மையில் கேட்க எனக்கு வாயும் இல்லை. எங்களோடு வேலை செய்த கிளறிற்றாவின் புருஷன் செத்தபோது, நீ இனி மண்டபத்துக்குள் வரவேண்டாம், வாகனத்தில் நின்று சாமானை இறக்கித் தந்தால் போதும் என்று சொன்னது நான்தான். அவள் “ஓமக்கா” என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது.

செப்டம்பர் பன்னிரண்டாம் திகதி மட்டும் மிஞ்சியிருந்தது. வெம்பிளியில் மண்டபம். பெண் கம்சிகா எங்கள் வீட்டுக்கு வந்து, மணவறைக்கு யானை வேண்டாம், மயில்தான் வேணும் என்று படம் பார்த்துத் தெரிவுசெய்துவிட்டுப் போனவள். இவர் அவளுக்காகவே புது மயில் இரண்டு செய்விக்கக் கொடுத்திருந்தார்.

அந்த வீட்டில் இருந்து இதுவரை ஒரு கதையும் இல்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை, வாங்கோ என்றும் சொல்லவில்லை.

அது எங்களுக்கே இருந்தால் தூண்களுக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும். கைவிட்டுப் போனால் தூண்களை யாருக்காவது கொடுத்துவிட்டு வீட்டில் இருக்க வேண்டியதுதான். பதினாலு வருஷத் தொழில் அந்த ஒரு நாளில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. மூன்று தரம் போனைக் கையில் எடுத்தேன். வாய் திறந்து கேட்க மானம் விடவில்லை.

நிரூபன் படிவத்தை நிரப்பிக்கொண்டே வந்தான். பெயர், விலாசம், வண்டி நம்பர். பிறகு பேனையை நிறுத்தினான்.

“இனிப் பின்னுக்குப் பாரம் ஏத்துவியளோ, அன்ரி? ஏத்துறதெண்டால் ஒண்டரைதான் சரி. இல்லையெண்டால் ரெண்டரை போடலாம்.”

டயர் மாற்ற இல்ஃபோர்ட்டில் என் வீட்டுத் தெருமுனையிலேயே கடை இருக்கிறது. அதை விட்டுவிட்டுத்தான் றெயின்ஹாமில் இந்தப் பெடியனின் கராஜைத் தேடி வந்தேன்.

“செப்டம்பரில உங்கடையும் கம்சிகாவின்ரையும் கலியாணத்துக்கு ஏத்தோணும், தம்பி,” என்றேன். “ஏத்துறதோ விடுறதோ எண்டு நீங்கள்தான் சொல்லோணும்.”

உள்ளே யாரோ சக்கரத்து ஆணிகளைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். அந்தச் சத்தம் நிற்கும்வரை அவன் பேனையின் மூடியைத் திறந்து திறந்து மூடினான். காது மட்டும் சிவந்துபோயிருந்தது.

பிறகு ஒன்றரை அங்குலப் பெட்டியை எடுத்துக்கொண்டுபோய், இருந்த இடத்திலேயே திரும்ப வைத்தான். மேசையில் இரண்டரை மட்டும் மிஞ்சியிருந்தது.