கோட்டுப் போட்ட கன்றுகள்

பனி கொட்டும் ஊரில் குளிருடுப்புக் கடை வைத்திருந்த சோதிலிங்கம், வீட்டு முற்றத்தில் நான்கு தேவதாருக் கன்றுகளை நட்டார். பனிக்கும் காற்றுக்கும் முந்திச் சாக்குத்துணி சுற்றிக் கட்டச் சொன்னார்கள். சாக்குக்கு எதற்குக் காசு? கடைக் கிட்டங்கியில் விலைபோகாமல் கிடந்த பழைய கோட்டுகளை அள்ளி வந்து, ஆளுக்கொன்றாய்ப் போட்டுப் பொத்தானும் பூட்டினார். தெருவே சிரித்தது, அவருக்கும் பெருமைதான்.

அதற்கு முந்திய வாரந்தான், சொந்த ஊரிலிருந்து புதிதாக வந்து அவர் கடையில் மூட்டை இறக்கும் நிரோசன், "பழைய கோட்டு ஏதும் கிடக்கோ முதலாளி?" என்று கேட்டிருந்தான். ஒருவனுக்குக் கொடுத்தால் நாளைக்கு எல்லாரும் கை நீட்டுவார்கள். "ஒண்டும் மிச்சமில்லை, தம்பி" என்று முகம் மாறாமல் சொல்லி அனுப்பியிருந்தார்.

பனிப்புயல் அடித்து ஓய்ந்த காலையில் கதவைத் திறந்தால், கடைச் சாவி வாங்க வந்த நிரோசன் மெல்லிய சுவெட்டரோடு கன்றுகளுக்கு நடுவே நிற்கிறான். வளைந்த கிளைகளை அடியில் கைகொடுத்துத் தூக்கிப் பனியை உதறிவிட்டு, ஒரு கன்றின் கோட்டைப் பூட்டிக்கொண்டிருந்தான்.

"காத்துக்குத் திறந்துபோச்சு முதலாளி. இளங்கண்டெல்லே, தாங்காது."

குத்திக்காட்டியிருந்தால் சோதிலிங்கம் எப்படியும் பேசிச் சமாளித்திருப்பார். அந்தக் குரலில் குத்தல் இல்லை. அவன் அடுத்த கன்றுக்குத் திரும்பியதும், தான் போட்டிருந்த கோட்டின் பொத்தான்களை ஒவ்வொன்றாய்க் கழற்றத் தொடங்கினார்.

திரும்பிப் பார்த்த நிரோசன் ஓடி வந்தான். "ஐயோ, உங்கடையும் திறந்துபோச்சு" என்று, விறைத்த விரல்களால் கழுத்துவரை பூட்டிவிட்டான்.