திமில்

"ஒட்டகமா! தேனு, விளையாடுறியா?"

ஷாமளா கையிலிருந்த நாடகத் தாள்களை மேசைமேல் போட்டாள்.

"இல்லக்கா. நெசமாத்தான். அம்மா வேஷம் வேணாம், ஒட்டகம் குடுங்க."

பாசிர் கூடாங் கோயில் மண்டபத்தில் மாதர் குழு ஆண்டு விழா. நாடகத்தை எழுதியவளும் ஷாமளா, ஆட்டி வைப்பவளும் ஷாமளா. கதை, பாலைவனத்தில் வாழும் மணற்குடி மக்களைப் பற்றியது. அப்படியொரு குலம் எந்த நாட்டில் இருக்கிறது என்று யாரும் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. கிணறு வற்றிப்போகிறது. நோயில் கிடக்கும் பிள்ளையையும் ஓர் ஒட்டகத்தையும் கூட்டிக்கொண்டு ஒரு தாய் ஏழு நாள் மணலில் நடக்கிறாள். அவள்தான் கதாநாயகி.

அந்த வேஷத்துக்குத் தேன்மொழியை விட்டால் ஆளில்லை. அவள் மகள் ரூபினிக்கு எட்டு வயது. பிறந்ததிலிருந்து கால் இரண்டும் நிற்காது. தொழிற்சாலையில் காலை ஷிஃப்ட் முடிந்து கிலாங் பஸ்ஸில் வந்து இறங்கியதும் குளிப்பாட்டுவது, ஊட்டுவது, முதுகில் தூக்கிக்கொண்டு மாடி இறங்குவது எல்லாம் தேன்மொழிதான். ஃபிளாட்டே பார்த்துக்கொண்டிருக்கிறது.

"உன்னை மனசுல வெச்சுத்தானே எழுதினேன்! மேடையில நின்னாலே போதும், சனம் அழும்."

"நீங்களே அம்மாவா நடிங்கக்கா. உங்களுக்கு நல்லா வரும்."

ஷாமளாவுக்கு உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது. ஆனாலும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"சரி. முன்னங்கால் நீ, பின்னங்கால் வாசுகி."

"வேணாங்கா. முட்டி போட்டு நானே நாலு காலா நடந்துக்கறேன்."

"திமிலுக்குப் பஞ்சு வாங்கித் தரவா?"

"அதுவும் வீட்டுலயே இருக்குக்கா."

ஒட்டகத் துணியை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

"அலமாக், கைத்தட்டு மொத்தமும் அவளுக்கே வேணுமாம்," என்றாள் வாசுகி. பின்னங்கால் போன வருத்தம் அவளுக்கு.

ஒத்திகைக்குத் தேன்மொழி இரண்டே நாள்தான் வந்தாள். அதுவும் தனியாக. முட்டி இரண்டிலும் பிளாஸ்திரி.

"பாப்பா எங்க?" என்று ஷாமளா கேட்டாள்.

"பக்கத்து வீட்டுல விட்டுட்டு வந்தேங்கா."

தேன்மொழி தலை மறைந்ததும் வாசுகி ஆரம்பித்தாள். "நடக்க முடியாத புள்ளைய அடுத்த வீட்டுல தள்ளிட்டு, இங்க வந்து ஒட்டகம் ஆடுது. என்ன தாயோ லா!"

ஷாமளா மறுக்கவில்லை. அவளுக்கு ரூபினிமேல் தனிப் பாசம் உண்டு. போன மாதம்தான் அந்தக் குழந்தை அவள் சேலையைப் பிடித்து இழுத்து, "ஆன்ட்டி, எனக்கும் ஒரு வேஷம்?" என்று கேட்டது.

ஷாமளா குனிந்து கன்னத்தைக் கிள்ளிச் சொன்னாள்: "மேடைக்கு ஆறு படி இருக்கே, செல்லம். சக்கர நாற்காலி எப்படி ஏறும்? நீ முதல் வரிசையில உட்கார்ந்து கை தட்டணும். சரியா?"

இதைவிடப் பக்குவமாக யாரால் சொல்ல முடியும்?

விழா அன்று மண்டபம் நிறைந்துவிட்டது. முதல் வரிசையில் ரூபினிக்கென்று விட்டிருந்த இடம் மட்டும் காலி. ஷாமளா இடுப்பில் துணிப் பொம்மையோடு மேடைக்குப் பின்னால் வந்தாள். படிக்குக் கீழே சக்கர நாற்காலி வெறுமனே கிடந்தது. மேலே, திரை ஓரத்தில், ஒட்டகம் தயாராக மண்டியிட்டிருந்தது.

ஷாமளாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"தேனு! நாற்காலிய இங்க போட்டுட்டுப் புள்ளைய யார்கிட்ட விட்ட?"

"பத்திரமா இருக்குக்கா," என்றது துணிக்குள்ளிருந்து குரல். மூச்சு வாங்கியது.

"வாசுகி சொன்னப்ப நான் நம்பல. நாடகம் முடியட்டும், உன்னை வெச்சுக்கறேன்."

திரை விலகியது.

ஷாமளா நன்றாகவே நடித்தாள். பொம்மையை மார்போடு அணைத்துக்கொண்டு அழுதபோது பெண்கள் முந்தானையைத் தேடினார்கள். பின்னாலேயே ஒட்டகம் அடிமேல் அடி வைத்து வந்தது. திமில் ஒரு பக்கமாகச் சாயும். ஒட்டகம் நின்று, உடம்பை அசைத்து நேராக்கிக்கொண்டு மறுபடி நடக்கும். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

கடைசிக் காட்சி. கிணறு கிடைத்துவிட்டது. நாவறண்ட தாயிடம் ஒரு கிண்ணம் தண்ணீர் நீட்டுகிறார்கள். அவள் குடிக்கவில்லை. ஷாமளா ஆசை ஆசையாக எழுதிய இடம் இதுதான். மைக்கை நோக்கிக் குரலை உயர்த்தினாள்:

"மணற்குடியின் வழக்கம் இது! யார் சுமந்து வந்தார்களோ, அவர்களுக்கே முதல் தண்ணீர்!"

கிண்ணத்தை ஒட்டகத்தின் வாயருகே கொண்டுபோனாள்.

திமில் அசைந்தது. துணியின் தையல் பிரிந்த இடத்திலிருந்து மெலிந்த கை ஒன்று வெளியே வந்தது. ஷாமளாவிடமிருந்து கிண்ணத்தை வாங்கிக்கொண்டது. துணி சரிந்து விழ, மூக்கில் பழுப்புச் சாயமும் முகமெல்லாம் சிரிப்புமாக ரூபினி தெரிந்தாள். தாயின் முதுகில் கவிழ்ந்தபடி, வியர்த்து ஒழுகிய அம்மாவின் முகத்தருகே கிண்ணத்தைச் சாய்த்தாள்.

"நீதானம்மா தூக்கிட்டு வந்த. குடி."

எல்லாம் நாடகம்தான் என்று நினைத்து மண்டபமே எழுந்து கை தட்டியது.

ஷாமளா மட்டும் இடுப்பிலிருந்த துணிப் பொம்மையை மெல்லக் கீழே வைத்தாள்.